சிவப்புத் தலையாட்டி

சோதிலிங்கம் பயந்த மனிதன். குறையாகச் சொல்லவில்லை. ஒருவருக்கு நீரிழிவு இருக்கும், ஒருவருக்கு முழங்கால் நோ இருக்கும், இவனுக்குப் பயம், அவ்வளவுதான். மருந்து எடுக்காத வருத்தக்காரன் மாதிரி அதை ஒளித்து வைத்துக்கொண்டே ஒஸ்லோவில் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது.

ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் மூன்றாம் மாடியில் வீடு. ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே மெசின்கள் போடுகிற இரைச்சலில் ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாது. அது அவனுக்கு வலு வசதி. ரயிலில் இருக்க இடம் கிடந்தாலும் கதவோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்பான். நோர்வேயின் தேசிய நாளான மே பதினேழு வந்தால் நாடே கொடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கும். அன்றைக்குப் பார்த்து இவனுக்குக் காய்ச்சல் வரும். வருடா வருடம் ஒரே நாளில் காய்ச்சல் காய்கிற மனிதனை எந்த ஊரிலாவது கண்டிருக்கிறீர்களா? மனைவி சிவரஞ்சினிக்கு விசயம் தெரியும். பனடோல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போய்விடுவாள். மகள் ஆரணிக்குத் தெரியாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லி என்ன கண்டது என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

ஆரணிக்கு உதைபந்தாட்டப் பைத்தியம். ஒஸ்லோவில் அது அதிசயம் இல்லை. நோர்வேக்காரன் தன் ஊர்க் கழகத்தை மறந்தாலும் மறப்பான், இங்கிலாந்துக் கழகம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் படுப்பான். மேல்வீட்டுக் கிழவர் லிவர்பூல், கீழ்வீட்டுத் தாதி ஆர்சனல், ஆரணி மான்செஸ்டர் யுனைட்டெட். சனிக்கிழமை பின்னேரங்களில் தகப்பனும் மகளும் சோபாவில் இருந்து ஆட்டம் பார்ப்பார்கள். அவள் பந்தைப் பார்ப்பாள். அவன் வாசலைப் பார்ப்பான்.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். கமரா மேலே எழும்பி மைதானம் முழுவதையும் காட்டுகிற நேரம் பார்த்து, எங்கே படி, எங்கே கேட், எந்தப் பக்கம் வெளி என்று கண்ணாலே அளந்துவிடுவான். ஃபுல்ஹாம்காரரின் மைதானத்துக்குப் பக்கத்தில் தேம்ஸ் ஆறு. நீந்தத் தெரிந்தவன் தப்பலாம். லிவர்பூலின் அன்ஃபீல்டைச் சுற்றி வீடுகளும் குறுகலான ஒழுங்கைகளும். ஒழுங்கை என்றால் அவனுக்கு உயிர். ஆர்சனல் தன் பழைய மைதானமான ஹைபரியை விட்டுப் புது மைதானத்துக்குக் குடிபோனபோது கீழ்வீட்டுத் தாதி அழுதாள். இவன் என்னடாவென்றால், "நல்ல வேலை செய்தாங்கள், வாசல் எல்லாம் அகலம்" என்று மெச்சினான். எவர்ட்டனின் கூடிசன் பார்க்கைக் காட்டியபோது சோபாவில் நிமிர்ந்தே இருந்துவிட்டான். மைதானத்தின் ஒரு மூலையில் தேவாலயம்! ஷெல்லடி தொடங்கினால் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ ஓடி ஒதுங்கு என்று சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கு வேறென்ன வேணும்?

"ஆரணி, நீ ஏன் எவர்ட்டனுக்கு மாறக்கூடாது?"

"எவர்ட்டனோ! அப்பா, உங்களுக்கென்ன விசரோ?"

அவனுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாத மைதானம் மகளின் கழகத்தினுடையதுதான். ஓல்ட் ட்ரஃபோர்ட். ஒரு பக்கத்தின் முதுகோடு ரயில் பாதை ஒட்டிக் கிடக்கிறது. முந்தி மூலைகளிலாவது கொஞ்சம் வானம் தெரிந்தது. இரண்டாயிரத்தாறில் அதையும் உயர்த்திக் கட்டி அடைத்துவிட்டார்கள். எழுபத்தாறாயிரம் பேர் இருக்கலாமாம். ஆரணி கைதட்டினாள். அவன் வாசல்களை எண்ணினான்.

மகளும் விளையாடுகிறவள்தான், ஊர்க் கழகத்துப் பெண்பிள்ளைகள் அணியில். ஆட்டத்துக்கு அவன்தான் காரில் கொண்டுபோய் இறக்குவான். இறக்கிவிட்டுக் காரைத் திருப்பி, மூக்கு றோட்டைப் பார்க்க நிறுத்தி, உள்ளேயே குந்தியிருப்பான். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பிளாஸ்கில் கோப்பியோடு கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஒலிபெருக்கி கரகரத்தால் இவன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவான். ஒரு ஆட்டமாவது இறங்கிப் பார்த்ததில்லை. முதலில் ஆரணி கேட்டாள். பிறகு கெஞ்சினாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். விட்டதுதான் அவனுக்கு உறைத்தது. பெட்டை தன்னைக் கைகழுவிக்கொண்டு வருகிறாள் என்று விளங்கியது. விளங்கியும் காரை விட்டு இறங்கக் கால் வரவில்லை.

இரண்டாயிரத்தேழு மாசி மாதம். சிவரஞ்சினி வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஊட்வார் என்று ஒரு நோர்வேக்காரர். யுனைட்டெட் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு வருடமும் மான்செஸ்டர் போய்வருகிறவர். அந்தக் குழுவோடு தாயும் மகளும் போவதாக ஏற்பாடு. ஆரணி அதற்காகவே உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னாலும் பிழையில்லை. வெளிக்கிடுகிற வாரம், சிவரஞ்சினி பஸ் தரிப்பில் ஐஸ் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையோடு வந்து, "இஞ்சேருங்கோ, இனி நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகோணும்" என்றாள்.

அவன் வாயைத் திறக்க முதல் ஆரணி சொன்னாள்: "பரவாயில்லை அம்மா. அப்பா வரமாட்டார். நான் போகேல்லை."

கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. நாளைக்கு மழை பெய்யும் என்று சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள். அந்தக் குரல்தான் சோதிலிங்கத்தைக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றியது. இப்போது போகாவிட்டால் இந்தப் பிள்ளை இனிமேல் தன்னிடம் எதையுமே கேட்காது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மான்செஸ்டரில் டிராமால் இறங்கி நடந்தார்கள். முன்னும் பின்னும் சிவப்புச் சால்வை, பாட்டு, கூச்சல். பொலிஸ்காரர் குதிரைகளில். ஒவ்வொரு குதிரையும் ஒரு வீட்டு உயரம். ஆரணி போய் ஒன்றின் மூக்கைத் தடவினாள். அவன் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அப்பா, கை நோகுது."

"நோகட்டும். விடாதை."

எங்கோ உயரத்தில் ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. இங்கிலீஷ்தான். ஆனால் எந்த மொழியில் கரகரத்தாலும் அவனுடைய காதுக்கு ஒன்றுதான் கேட்கும்: எல்லாரும் மைதானத்துக்கு வரவும். அடையாள அட்டையைக் கொண்டு வரவும். வீடுகளில் ஒருவரும் நிற்கக்கூடாது.

உள்ளே போக இரும்பிலே சுற்றுக்கதவு. ஒரு முறைக்கு ஒரு ஆள். முன்னுக்குச் சுழலும், பின்னுக்கு அசையாது. ஆரணி துள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றான். பின்னால் நின்ற தடித்த மனிதன் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினான். வேறு வழியில்லை, போனான். இரும்பு கடக்கென்று பின்னால் விழுந்தது.

ஊட்வாரின் ஆட்களுக்கு மேல் வரிசைகளில் இடம். பிள்ளை கிட்ட நின்று பார்க்கட்டும் என்று தன்னுடைய நல்ல இடத்தை அந்த மனிதர் இவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்: முன் வரிசை, கையை நீட்டினால் புல்லு. அங்கே போய் நின்றதும் ஆரணிக்குக் கதை வரவில்லை. வாயைத் திறந்தபடி அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, "அப்பா, பாருங்கோ! பாருங்கோ அப்பா!" என்று அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்து உலுப்பினாள். அவள் தன்னைப் பார்த்து இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! வந்தது நல்லதுதான் என்று ஒரு கணம், ஒரேயொரு கணம், அவன் நினைத்தான்.

அப்போதுதான் அது வந்தது.

யுனைட்டெட்காரரின் சின்னம் சிவப்புப் பேய். ஆட்டம் தொடங்க முதல் ஒருவர் அந்தப் பேயின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு கோட்டோரமாகச் சுற்றிவந்து பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவார். பெரிய சிவப்புத் தலை, இரண்டு கொம்பு. உள்ளே இருப்பது ஆர் என்று தெரியாது. வரிசையைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல வந்தது. ஒரு பிள்ளையைக் கண்டால் நிற்கும். விரலை நீட்டும். அந்தத் தலையை மேலும் கீழுமாக ஆட்டும். பிறகு அடுத்த பிள்ளை. பிள்ளைகள் கீச்சிட்டுச் சிரித்தார்கள். சோதிலிங்கம் அந்தத் தலையையே பார்த்தான்.

தலையாட்டி.

யாழ்ப்பாணத்தானுக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போராளிகளைத் தேடி ஆமி, அதாவது இராணுவம், ஊரைச் சுற்றிவளைக்கும். எந்த ஆமி என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ஆமி மாறி மாறி வந்தது, மைதானம்தான் மாறவில்லை. சனத்தைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு எடுத்து வெயிலில் வரிசையாக விடுவார்கள். முன்னால் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஊர்க்காரனாகத்தான் இருப்பான், ஆர் என்று தெரியாது. ஒவ்வொருவராய் அவனுக்கு முன்னால் போய் நிற்க வேணும். அவன் பேசாமல் இருந்தால் நீங்கள் வீட்டுக்கு. தலையை ஆட்டினால் ட்ரக்குக்கு.

அவர்களுடைய ஊரை வளைத்த அன்றைக்குச் சோதிலிங்கத்துக்குப் பத்தொன்பது வயது, தம்பி ஆனந்தராஜாவுக்குப் பதினேழு. வீட்டால் வெளிக்கிட முதல் தாய் நேசமணி, ஊரில் எல்லாத் தாய்மாரும் சொன்னதைத்தான் சொன்னாள்: "தள்ளித் தள்ளி நில்லுங்கோ. ஒருத்தனை ஒருத்தன் தெரிஞ்ச மாதிரிக் காட்டாதேங்கோ." ஒருவன் பிடிபட்டால் மற்றவனாவது மிஞ்சட்டும் என்ற கணக்கு. பெற்றவள் போடுகிற கணக்கா அது? போட வைத்துவிட்டார்கள். சாக்குத் தலை தம்பியைக் கண்டு ஆடியது. "உன்ரை ஆக்கள் வேறை ஆரும் இஞ்சை நிக்கினமோ?" என்று கேட்டார்கள். ஆனந்தராஜா வரிசையைப் பார்த்தான். தமையனின் முகத்தையும் பார்த்தான், வேலியில் நட்ட கதியால் தடியைப் பார்ப்பதுபோல. பிறகு இல்லையென்று தலையசைத்தான். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

இப்போது சிவப்புத் தலை ஆரணிக்கு முன்னால் வந்து நின்றது. அவள் கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அது அவளை நோக்கி விரலை நீட்டியது. மேலும் கீழும், மேலும் கீழும், அவசரமில்லாமல், ஆறுதலாகத் தலையை ஆட்டியது.

வேஷம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். இது மான்செஸ்டர், பிள்ளைகளுக்கான வேடிக்கை, எல்லாம் தெரியும். உடம்பு கேட்டால்தானே? மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"எழும்பு. அந்தப் படியாலை ஏறி வெளியிலை போ. ஓடாதை, நட. நான் பிறகு வாறன்."

"ஏன் அப்பா? மட்ச் தொடங்கப் போகுது..."

"சொன்னதைச் செய்! என்னோடை வராதை, தள்ளிப் போ. என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டாதை. ஆர் என்ன கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லு. விளங்குதோ?"

ஆரணி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அப்படியொரு முகத்தை அவள் கண்டதில்லை. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபேச்சுப் பேசாமல் எழும்பிப் படியேறினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். இடைவெளி விட வேணும், சேர்ந்து போனால் இரண்டு பேரும் போச்சு. கொஞ்சம் பொறுத்து எழும்பினான். அதற்குள் ஆட்டத்துக்குப் பிந்தி வந்த சனம் படிவழியே குபுகுபுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் எதிரே நெரிபட்டு மேலே போய்ச் சேர்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை.

மேடைகளுக்குக் கீழே கொங்கிரீட்டால் கட்டிய நீண்ட கூடம். சாப்பாட்டுக் கடைகள், கழிப்பறைகள், சனம். இந்தப் பக்கம் ஓடினான். சிவப்புச் சால்வையோடு ஒரு பிள்ளை, ஆரணி இல்லை. அந்தப் பக்கம் ஓடினான். இன்னொரு பிள்ளை, அதுவும் இல்லை. "ஆரணி!" என்று கத்தினான். மேலே எழுபத்தாறாயிரம் பேரும் ஒரேயடியாக இரைந்தார்கள், கூரை அதிர்ந்தது, அவனுடைய சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஐயோ, என்ன வேலை செய்தேன் நான்! கையில் பிடித்திருந்த பிள்ளையை நானே கழற்றி விட்டேனே! இவ்வளவு காலமும் பயம் பயம் என்று காவித் திரிந்தானே, அதெல்லாம் பயமே இல்லை, இதுதான் பயம். சிவரஞ்சினிக்கு என்ன சொல்வது? பிள்ளையைத் தள்ளிப் போகச் சொன்னேன், போய்விட்டாள் என்றா? அழுதுகொண்டே ஓடினான். கோப்பிக் கோப்பையோடு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

கூடத்தின் கடைசியில் கண்டான். சுவரோடு ஒட்டி, இரண்டு கையையும் தொங்கவிட்டு நேராக நின்றாள் ஆரணி. பக்கத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட மைதான ஊழியர் ஒருத்தி, கையில் வோக்கி டோக்கி. தனியே நின்ற பிள்ளையைக் கண்டு விசாரித்துக்கொண்டிருந்தாள் அந்தப் புண்ணியவதி. சோதிலிங்கம் பாய்ந்து போய் மகளின் கையைப் பிடித்தான்.

மஞ்சள் மேலங்கிக்காரி குறுக்கே வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வியர்த்து ஒழுகுகிற, மூச்சு வாங்குகிற ஒரு மனிதன் வந்து பிள்ளையை இழுத்தால் எந்தப் பெண் விடுவாள்? அவனை ஒரு கையால் மறித்துக்கொண்டு, குனிந்து ஆரணியைக் கேட்டாள்: இவர் உன்னுடைய அப்பாவா?

பள்ளிக்கூட இங்கிலீஷ் அதற்குப் போதும். ஆரணி தகப்பனைப் பார்த்தாள். கதியாலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இல்லையென்று தலையசைத்தாள்.

"ஆரணி! நான்தான்! அப்பா!"

மஞ்சள் மேலங்கிக்காரி மறுபடி கேட்டாள். மறுபடியும் இல்லை. பிள்ளையின் உதடு துடித்தது, கண் முட்டி வழிந்தது, கழுத்து மட்டும் சொன்ன சொல்லை மீறாமல் இடமும் வலமும் போனது. அவனுக்கு விளங்கிவிட்டது. கோபத்தில் செய்யவில்லை. அவனைக் காப்பாற்றுகிறாள். யாரிடமிருந்து, எதற்காக என்று ஒரு மண்ணும் தெரியாமல், அப்பாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

வோக்கி டோக்கியில் கூப்பிட, பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல உயரம், கறுப்புச் சீருடை. சீருடையைக் கண்டதும் சோதிலிங்கத்தின் கால் தானாக ஒரு அடி பின்னுக்கு வைத்தது. பேசாமல் நில் என்றது உடம்பு. அன்றைக்குப் பேசாமல் நின்றபடியால்தானே உயிரோடு இருக்கிறாய் என்றது. உண்மைதான். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் போயிருப்பார்கள். ஆனால் ஆனந்தராஜாவைத் தெரியாதவனாக நின்ற அந்த நிமிசத்தை நினைத்து அவன் அழாத இரவு குறைவு. இன்னொரு தரம் அப்படி நிற்க முடியாது. செத்தாலும் முடியாது.

பின்னுக்கு வைத்த காலை முன்னுக்கு எடுத்து வைத்தான்.

"என்ரை பிள்ளை!" என்றான், தமிழில். அவர்களுக்கு விளங்காது என்பதெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு நோர்வேஜியனில் சொன்னான். பிறகு கையில் கிடந்த இரண்டு இங்கிலீஷ் சொல்லில் சொன்னான். குரல் கீச்சிட்டாலும் பொலிஸ்காரரின் கண்ணைப் பார்த்தே சொன்னான். பிறகு ஆரணிக்கு முன்னால் நிலத்தில் முழங்காலில் இருந்தான்.

"பிள்ளை, அப்பா பிழையாச் சொல்லிப்போட்டன். பயத்திலை சொன்னனான். எனக்குப் பயம், ஆரணி."

"ஆரைக் கண்டு பயம்? இவரையோ?"

"இவரையும்தான். சனத்தை, ஒலிபெருக்கியை, மைதானத்தை. உன்ரை மட்ச் ஒண்டுக்கும் நான் இறங்காதது அதாலைதான். உன்னிலை விருப்பமில்லாமல் இல்லை, அம்மா. எனக்குச் சரியான பயம்."

ஆரணி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, மற்ற இரண்டு பேருக்கும் கேட்கக்கூடாது என்று நினைத்தவள் மாதிரிக் குனிந்து, மெல்லக் கேட்டாள்:

"அப்ப, இப்ப உங்களைத் தெரியுமெண்டு சொல்லலாமோ?"

"சொல்லு ராசாத்தி. உரத்துச் சொல்லு."

அவள் நிமிர்ந்து அந்த உயர்ந்த மனிதருக்கு இங்கிலீஷில் சொன்னாள். அது போதாது என்று பட்டதோ என்னவோ, நோர்வேஜியனிலும் சொன்னாள். மூன்றாம் தரம் சொன்னது பொலிசுக்கும் இல்லை, மஞ்சள் மேலங்கிக்காரிக்கும் இல்லை. அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் வாயை வைத்து, தமிழில் சொன்னாள்.

"இவர் என்ரை அப்பா. எனக்கு இவரைத் தெரியும்."